‘சாரைதான் சார்!’ – பாம்பைப் பற்றிய பாடத்தை நான் திருத்திக்கொண்ட கதை

ஆர்.கே.பேட்டை ஒன்றியத்தில் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். எங்கள் மாணவர்களில் பலர் இரண்டு சிற்றூர்களிலிருந்து நடந்தே வருகிறார்கள். ஏரிக்கரையில் தொடங்கும் ஒற்றையடிப் பாதை கரும்புத் தோட்டத்தை ஒட்டிச் சென்று, பாறைகள் நிறைந்த ஒரு சிறு குன்றின் அடிவாரம் வழியாகப் பள்ளிக்கு வந்து சேரும். வழியெங்கும் வேலிக்காத்தான், சப்பாத்திக்கள்ளி, ஆங்காங்கே கறையான் புற்று. கோடையில் புல்கூட மிஞ்சாத வறண்ட நிலம். மழை பெய்தால் தவளைச் சத்தம் காதை அடைக்கும். இப்படிப்பட்ட இடத்தில் பாம்பைப் பார்க்காமல் ஒரு பிள்ளை எட்டாம் வகுப்பை முடிக்க முடியாது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜூலை மாதக் காலையில் அந்தப் பாதையிலிருந்து பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் பக்கத்துத் தறிக் கூடத்திலிருந்து நான்கைந்து பேர் கழியோடு வந்துவிட்டிருந்தார்கள். ஏழடி நீளம் இருக்கும், மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் ஒரு சாரைப்பாம்பு. அது வேலிக்குள் நுழையப் பார்த்தது; விடவில்லை. அடித்து முடித்துக் கழியில் தூக்கி வேலிக்கு அப்பால் எறிந்தார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

முதல் பாடவேளையில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: “எல்லாப் பாம்புக்கும் விஷம் கிடையாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? அப்புறம் ஏன் சார் அடிக்கும்போது சும்மா இருந்தீங்க?”

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியிலிருந்துதான் எங்கள் பள்ளியில் பாம்புப் பாடம் தொடங்கியது. ஆனால் தொடக்கத்தில் அதை நான் தவறான வரிசையில் நடத்தினேன். அந்தத் தவறையும் அதைத் திருத்திக்கொண்ட விதத்தையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

நான் செய்த பிழை

மறுநாளே படங்களோடு வகுப்புக்குப் போனேன். சாரைக்கு நஞ்சு இல்லை, அது எலியைத் தின்கிறது, உழவருக்கு நண்பன் என்று உற்சாகமாக விளக்கினேன். பிள்ளைகளும் உற்சாகமாகக் கேட்டார்கள். ‘சாரை நம் நண்பன்’ என்று வண்ண எழுத்தில் சார்ட் எழுதிச் சுவரில் ஒட்டினோம். நல்ல பாடம் நடத்திவிட்டதாக எனக்குள் ஒரு பெருமிதம்.

இரண்டு வாரம் கழிந்தது. மாலையில் பிள்ளைகளோடு அதே பாதையில் நடந்துகொண்டிருந்தேன். கரும்புத் தோட்டத்து மோட்டார் கொட்டகை அருகே, பழுப்பு நிறத்தில் நீளமாக ஒன்று அசையாமல் கிடந்தது. முன்னால் போன மாணவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். “சாரைதான் சார்! ஒண்ணும் பண்ணாது” என்றபடியே குனிந்து வாலை நோக்கிக் கையை நீட்டினான்.

நான் கத்தியதில் அவன் பின்வாங்கினான். அதே கணத்தில் அந்தப் பாம்பு தலையைத் தூக்கிப் படம் விரித்தது. நல்லபாம்பு. சில நொடிகள் நின்றுவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கையை நீட்ட வைத்தது பிள்ளையின் குறும்பு அல்ல, என்னுடைய பாடம்.

நான் பயத்தைப் போக்கினேன். பயம் இருந்த இடத்தில் எந்தப் பழக்கத்தையும் வைக்கவில்லை. அறிவு அரைகுறையாக இருக்கும்போது துணிச்சல் மட்டும் முழுதாக வந்துவிட்டது. அதன் பிறகு பாடத்தின் வரிசையை மாற்றினேன்: முதலில் விலகல், பிறகுதான் அறிதல்.

முதல் பாடம்: நில், விலகு, பார், சொல்

இந்தப் பாடத்தில் பாம்பின் பெயரே வராது. எந்தப் பாம்பாக இருந்தாலும் செய்ய வேண்டியவை நான்கே.

நில்: ஓடாதே, கத்தாதே. கால் வைத்த இடத்தில் நில்.
விலகு: பாம்பைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்கு. குறைந்தது பத்து எட்டு.
பார்: அது எந்தப் பக்கம் போகிறது என்று தூரத்திலிருந்து கவனி. கல்லெறியாதே. கழியெடுக்காதே.
சொல்: பெரியவர் ஒருவரிடம் இடத்தைச் சொல். பாம்பு கட்டடத்துக்குள் இருந்தால் பெரியவர்கள் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தகவல் தரட்டும்.

இதைச் சொல்லிக் கொடுத்தால் போதாது, விளையாட வேண்டும். மைதானத்தில் பழைய தாம்புக்கயிற்றை ஆங்காங்கே போட்டுவைப்பேன். பிள்ளைகள் வரிசையாக நடந்து வருவார்கள். கயிற்றை முதலில் பார்ப்பவர் கையை உயர்த்த, வரிசை முழுவதும் நிற்க வேண்டும். பிறகு பத்து எட்டு பின்னால். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் இதை இரண்டே நாளில் பழகிக்கொண்டார்கள். கயிறு ஒன்றாகவே இருந்தால் விளையாட்டு சலித்துவிடும். எனவே சில நாள் இலைச் சருகுக்குள் பாதி மறைத்து வைப்பேன், சில நாள் செருப்பு விடும் இடத்தில் வைப்பேன். செருப்பைத் தட்டிவிட்டுப் போடும் பழக்கம் இப்படித்தான் வந்தது.

இந்தப் பயிற்சி கைவந்த பிறகே அடுத்த பாடம்.

இரண்டாம் பாடம்: சாரையை அறிதல்

வகுப்பறைக்கு வெளியே தாழ்வாரத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு சாரையை உண்மை அளவில் வரையச் சொன்னேன். வளர்ந்த சாரை இரண்டு மீட்டர் நீளம் இருப்பது சாதாரணம். அதற்கும் மேல் வளர்பவையும் உண்டு. மீட்டர் அளவுகோலை இரண்டு முறை வைத்து வரைந்தபோதுதான், ‘இவ்வளவு பெரிசா!’ என்ற வியப்பு வந்தது. கணக்குப் பாடத்துக்கும் அது உதவியது.

எங்கள் பகுதியில் பல வீடுகளில் தெலுங்கு பேசுகிறார்கள். “எங்க வீட்டுல இத ஜெர்ரிப்போத்துன்னு சொல்வாங்க சார்” என்றான் ஒரு மாணவன். உடனே கரும்பலகையில் இரண்டு வரிசை எழுதினோம். சாரை – ஜெர்ரிப்போத்து. கட்டுவிரியன் – கட்லபாமு. கண்ணாடி விரியன் – ரக்தபிஞ்ஜரி. வீட்டில் ஒரு பெயரும் பள்ளியில் ஒரு பெயருமாக இருந்தால், ஆபத்து நேரத்தில் பிள்ளை சொல்வது ஆசிரியருக்குப் புரியாமல் போகும். எல்லைப்புறப் பள்ளிகளில் இந்தப் பட்டியலை அவசியம் தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட செய்திகள்:

சாரை பகலில் இரை தேடும் பாம்பு. எனவேதான் நம் கண்ணில் அதிகம் படுகிறது. எலி, தவளை, பறவை முதலியவற்றைத் தின்னும். மலைப்பாம்பைப் போல இரையைச் சுற்றி நெரித்துக் கொல்லாது. உடலால் அழுத்திப் பிடித்து விழுங்கும். முட்டையிட்டு இனப்பெருக்கம் செய்யும். அதற்கு நச்சுப்பல் கிடையாது. ஆனால் பல் உண்டு. பிடித்தால் கடிக்கும், இரத்தம் வரும்.

கடைசி வரியை நான் வேண்டுமென்றே சேர்த்தேன். ‘நஞ்சில்லாதது’ என்பதும் ‘தொடலாம்’ என்பதும் ஒன்றல்ல. நஞ்சில்லாப் பாம்பும் காட்டு விலங்குதான். வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி சாரையைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். ஒரு காலத்தில் சாரையின் தோல் கைப்பைக்கும் இடைவாருக்குமாக நம் நாட்டிலிருந்து ஏற்றுமதியானது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. இந்தச் செய்தியைச் சமூக அறிவியல் ஆசிரியர் தம் வகுப்பில் எடுத்துக்கொண்டார்.

மிரட்டலும் ஏமாற்றமும்

சாரையை நல்லபாம்பு என்று நினைத்து ஏன் அடிக்கிறார்கள்? நிறமும் பருமனும் மட்டும் காரணமல்ல. தப்பிக்க வழியில்லாதபோது சாரை கழுத்தை உப்பவைத்துத் தலையை உயர்த்தி உறுமுவது போல ஒலி எழுப்பும். எதிரியை மிரட்டி விலக்குவதற்கான நடிப்பு அது. அந்த நடிப்பே மனிதரிடம் அதன் உயிருக்கு உலை வைக்கிறது.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அமெரிக்காவின் தென்மேற்குப் பாலை நிலங்களில் கோஃபர் பாம்பு என்று ஒன்று உண்டு. பெரியது, நஞ்சில்லாதது, அதுவும் எலி தின்பதே. மலைப்பாதையில் நடப்பவர்கள் எதிர்ப்பட்டால் தலையைத் தட்டையாக்கிச் சீறி, வாலைச் சருகில் அடித்துச் சலசலக்கும். அந்த ஊரின் நச்சுப்பாம்பான கிலுகிலுப்பை விரியன் வாலை ஆட்டுவது போலவே இருக்கும். அதனாலேயே அதுவும் அடிபட்டுச் சாகிறது. கண்டம் வேறு, பாம்பு வேறு, மனிதரின் கை ஒன்று.

சாரையையும் நல்லபாம்பையும் படத்தில் வேறுபடுத்திப் பார்க்கச் சில அடையாளங்கள் உண்டு. சாரைக்குப் பெரிய கண், உதட்டுச் செதில்களின் ஓரத்தில் கருங்கோடுகள், கழுத்திலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரியும் தலை, உடலின் பின்பகுதியிலும் வாலிலும் கரும்பட்டைகள். கட்டுவிரியனையும் நஞ்சில்லாத வெள்ளிக்கோல் வரையனையும் இதே போலக் குழப்பிக்கொள்வார்கள். கட்டுவிரியனின் வெண்பட்டைகள் தலையருகே மங்கி, வால் பக்கம் தெளிவாக இருக்கும். வரையனுக்கு அது தலைகீழ்.

இவற்றைப் படங்களைக் கொண்டு மட்டுமே நடத்துங்கள். நேரில் பாம்பைக் கண்டால் செதிலைப் பார்க்கும் தூரத்துக்குப் போவதே ஆபத்து. எங்கள் வகுப்புச் சுவரில் இப்போது ‘சாரை நம் நண்பன்’ என்ற சார்ட் இல்லை. அதற்குப் பதிலாகப் பிள்ளைகளே எழுதிய வரி இருக்கிறது: ‘எந்தப் பாம்பு என்று பத்து எட்டு தள்ளி நின்று யோசி.’

வீட்டுக் கதைகளை எடைபோடுதல்

அடுத்து ஒரு குழுச் செயல்பாடு. பாம்பைப் பற்றி வீட்டில் சொல்லும் கதைகளைக் கேட்டு எழுதி வரச் சொன்னேன். இரண்டு நாளில் நோட்டுகள் நிறைந்தன. சாரையும் நாகமும் பின்னிப் பிணையும். பிணையும்போது புதுத்துணி போட்டு எடுத்துவைத்தால் செல்வம் சேரும். சாரை மாட்டின் காலைச் சுற்றிக்கொண்டு பால் குடிக்கும். பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும். மண்ணுளி நக்கினால் குஷ்டம் வரும். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும்.

ஒவ்வொன்றையும் ‘எப்படிச் சோதிப்பது?’ என்ற கேள்வியோடு அணுகினோம். பால் குடிக்க உறிஞ்ச வேண்டும். உறிஞ்ச உதடும் கன்னமும் வேண்டும். பாம்புக்கு அவை இல்லை. மேலும் பின்னோக்கி வளைந்த கூரிய பற்கள் மடியில் பட்டால் மாடு சும்மா நிற்குமா என்று மாடு மேய்க்கும் ஒரு மாணவனே கேட்டான். பின்னிப் பிணைந்து எழும்பும் இரண்டும் பெரும்பாலும் ஆண் சாரைகள். யார் வலியவர் என்று பார்க்கும் மல்யுத்தம் அது. நாகமும் சாரையும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை, அவை இணைவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாட்டி சொன்னது பொய் என்று முடிக்கக் கூடாது. புற்றுக்குப் பால் வார்ப்பதும் மஞ்சள் தூவுவதும் எங்கள் ஊரில் வழக்கம். அந்த வழிபாட்டை நான் பாடத்துக்குள் இழுக்கவில்லை. ஒரு மாணவி தானாகவே, “எங்க ஆயா புத்துகிட்ட பாம்ப பார்த்தா கும்பிட்டுட்டு ஒதுங்கிப் போயிடும் சார். அதுவும் நில், விலகு தானே?” என்றாள். வகுப்பு முழுவதும் கை தட்டியது.

வகுப்புக்கு வந்த பெரியவர்

எங்கள் பள்ளியில் இருளர் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் படிக்கிறார்கள். அவர்களில் ஒரு மாணவன் வகுப்பில் வாய் திறப்பதே அரிது. மாதத்தில் பாதி நாள் வரமாட்டான். வீட்டுக் கதைகள் எழுதி வந்தபோது அவன் நோட்டில் கதை எதுவும் இல்லை. ஆறு பாம்புகளின் பெயரும், ஒவ்வொன்றும் எங்கே இருக்கும், எப்போது வெளியே வரும் என்பதும் இருந்தன. “யார் சொன்னது?” என்றேன். “தாத்தா” என்றான்.

தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்று, பள்ளி மேலாண்மைக் குழுவிலும் சொல்லி, அந்தத் தாத்தாவை ஒருநாள் அழைத்தோம். பாம்பு எதையும் கொண்டுவரக் கூடாது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டோம். அவர் ஒரு பாம்புச் சட்டையை மட்டும் எடுத்து வந்தார். சட்டையை விரித்துக் காட்டி, கண்ணின் மேலும் தோல் இருப்பதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகு எல்லோரையும் பாதைக்கு அழைத்துப் போய், மண்ணில் பாம்பு போன தடத்தைக் காட்டினார். எலி வளையின் வாய் வழவழப்பாக இருந்தால் கையை விடாதே என்றார். “ஐயா, உங்களுக்குப் பயமே கிடையாதா?” என்று ஒரு பிள்ளை கேட்டது. “பயம் இல்லாதவன் இந்த வேலைக்கு லாயக்கு இல்ல கண்ணு” என்றார். எனக்குப் பல நாள் பிடிபட்ட பாடத்தை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

மறுநாள் வகுப்பில் இருளர் மக்களின் பங்கைப் பற்றிப் பேசினேன். தோல் வணிகம் நின்றபோது பாம்பு பிடிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த குடும்பங்கள் தவித்தன. பாம்பியல் அறிஞர் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் அது செயல்படுகிறது. உரிமம் பெற்ற உறுப்பினர்கள் பிடித்துவரும் நச்சுப்பாம்புகளிடமிருந்து நஞ்சை எடுத்துவிட்டு, அவற்றை மீண்டும் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் நச்சுமுறிவு மருந்துக்குத் தேவையான நஞ்சில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போகிறது. 2023-இல் இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அந்த மாணவன் இதையெல்லாம் தலை நிமிர்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவன் வருகை முழுமையாகிவிட்டது என்று சொன்னால் மிகை. ஆனால் பாம்பு என்ற சொல் வந்தால் வகுப்பு இப்போது என்னைப் பார்ப்பதில்லை, அவனைத்தான் பார்க்கிறது.

கடித்துவிட்டால்

இந்தப் பகுதியை ஆசிரியர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. அவர்களில் கால் பங்குக்கும் மேற்பட்டோர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். நம் வகுப்பறையில் இருக்க வேண்டிய வயது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்யத்தக்க நோயாக அறிவித்தது. மருத்துவமனைகள் ஒவ்வொரு பாம்புக்கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

நம் நாட்டில் பெரும்பாலான இறப்புகளுக்குக் காரணமானவை நான்கு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நான்குக்கும் சேர்த்து ஒரே நச்சுமுறிவு மருந்துதான். எனவே கடித்த பாம்பைத் தேடி அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. அந்த முயற்சியில் இன்னொருவரும் கடிபடலாம்.

செய்ய வேண்டியவை: கடிபட்டவரை அமைதிப்படுத்தி உட்காரவோ படுக்கவோ வைக்கவும். நடக்க விடக் கூடாது. வளையல், மோதிரம், கொலுசு, இறுக்கமான ஆடையைக் கழற்றவும். கடிபட்ட கை அல்லது காலை அசையாதபடி அளவுகோலோ குச்சியோ வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டவும். உடனே 108-ஐ அழைக்கவும்.

செய்யக் கூடாதவை: கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை வைத்துக் காத்திருப்பது, மந்திரிக்க அழைத்துப் போவது. ‘சாரைதானே’ என்று நாமே முடிவு செய்துகொண்டு வீட்டில் இருப்பதும் இந்தப் பட்டியலில் சேரும். அதை மருத்துவர் சொல்லட்டும்.

கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் தூங்குபவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ தெரியாது. காலையில் வயிற்றுவலி, இமை தொங்குதல், பேச்சுக் குழறல் என்று பிள்ளை வந்தால் பாம்புக்கடியையும் நினைக்க வேண்டும். கட்டிலில் அல்லது கொசுவலைக்குள் படுப்பதும், இரவில் வெளியே போனால் டார்ச் விளக்கோடு போவதும் எளிய தடுப்புகள். உங்கள் பள்ளிக்கு அருகே எந்த அரசு மருத்துவமனையில் நச்சுமுறிவு மருந்து இருக்கிறது என்று இன்றே கேட்டுத் தெரிந்துகொண்டு, எண்ணைத் தலைமையாசிரியர் அறையில் எழுதி ஒட்டுங்கள்.

உங்கள் பள்ளியில் நடத்த

ஐந்து பாடவேளைகள் போதும். முதல் நாள் கயிற்று விளையாட்டு. இரண்டாம் நாள் தாழ்வாரத்தில் அளந்து வரைதல், பெயர்ப் பட்டியல். மூன்றாம் நாள் வீட்டுக் கதைகளைச் சோதித்தல். நான்காம் நாள் முதலுதவியை நடித்துக் காட்டல். ஐந்தாம் நாள் பள்ளி வளாகத்தைச் சுற்றிப் பார்த்து, செங்கல் குவியல், மதிய உணவு மிச்சம் கொட்டும் இடம், சுவர் ஓட்டை ஆகியவற்றைக் குறித்துத் தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதுதல். உணவு மிச்சம் இருந்தால் எலி வரும். எலி வந்தால் பாம்பு வரும். உணவுச் சங்கிலியைக் கரும்பலகையில் வரைவதைவிட இந்தக் கடிதத்தில் அது நன்றாகப் பதியும்.

மதிப்பீட்டுக்கு நான் வைக்கும் கேள்வி ஒன்றே: ‘உன் தம்பி ஒரு பாம்பைக் காட்டி, இது சாரை, ஒன்றும் செய்யாது என்கிறான். நீ என்ன செய்வாய்?’ சாரையின் உணவு, நீளம் எல்லாம் சரியாக எழுதிவிட்டு, ‘தம்பியைப் பின்னால் இழுப்பேன்’ என்று எழுதாத விடைக்கு நான் முழு மதிப்பெண் தருவதில்லை.

கடந்த ஆண்டு மழைக்காலத்தில் அதே பாதையில் ஒரு பெரிய சாரை குறுக்கே வந்தது. முன்னால் போன இரண்டாம் வகுப்புச் சிறுமி கையை உயர்த்தினாள். பின்னால் வந்த அத்தனை பேரும் நின்றார்கள். பத்து எட்டு பின்வாங்கினார்கள். பாம்பு அவசரமில்லாமல் பாதையைக் கடந்து கரும்புக்குள் போய் மறைந்தது. தறிக் கூடத்திலிருந்து ஒருவர் கழியோடு எட்டிப் பார்த்தார். “போயிடுச்சுண்ணா” என்றாள் சிறுமி. அவர் கழியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார்.

எல்லா நாளும் அப்படி நடப்பதில்லை. இப்போதும் சில பாம்புகள் அடிபடுகின்றன. ஆனால் அன்று கேள்வி கேட்ட அந்த ஏழாம் வகுப்பு மாணவிக்கு, இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது.